இடது விலாவுக்குக் கீழே ருசி

சிறுநீரகக் குழாயிலிருந்து ஸ்டென்ட்டை உருவி எடுத்த மறுநாள் காலை ஏழு பத்துக்கு, ஜெயலக்ஷ்மியின் இடது விலாவுக்குக் கீழே, சுமார் ஒன்றரை அங்குல நீளத்துக்கு, காப்பியில் சிக்கரி அதிகம் என்று தெரிந்தது. காப்பியை அவள் குடித்தது ஆறு மணிக்கு. குடித்தபோது நாக்கு ஒன்றும் சொல்லவில்லை; நன்றாக இருக்கிறது என்றுகூடக் கணவரிடம் சொல்லியிருந்தாள். கணவர் சிவராமகிருஷ்ணன் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், கொல்கத்தாவில் காளிகாட் பக்கத்துத் தமிழ் சபைக்கு ஒன்பது வருடமாகக் காரியதரிசி, மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோலவே பேசுகிறவர். "ஏன்னா, பொடி மாத்தினேளா?" என்று அவள் கேட்டபோது, முப்பத்தொரு வருட இல்லறத்தில் காப்பிப் பொடி குறித்துத் தாம் கடைப்பிடித்து வந்த கொள்கைகளை அவர் விளக்கத் தொடங்கினார். அவள் குப்பைக் கூடையிலிருந்து காலி பாக்கெட்டை எடுத்து நிமிர்த்தினாள். நாற்பது சதவீதம். முப்பது தீர்ந்துவிட்டது என்று லேக் மார்க்கெட் கடைக்காரர் தள்ளிவிட்டிருக்கிறார். சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், பிறகு உரையைப் பாதியில் நிறுத்தினார். சபையின் வரலாற்றில் இது நடந்ததில்லை.

ஜெயலக்ஷ்மிக்கு இதில் ஆச்சரியம் குறைவு, ஆர்வம் அதிகம். ருசி அவளுடைய தொழில். டல்ஹௌசியில் மல்லிக் அண்ட் ஹார்டிங் என்ற தேயிலைத் தரகுக் கம்பெனியின் ருசிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை பார்க்கிறாள். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். கரண்டியால் அள்ளி, ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு உறிஞ்சி, கன்னத்தில் உருட்டி, பக்கத்திலேயே சக்கரம் வைத்து வரும் எச்சில் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். அந்தக் கூடத்துக்கு இரண்டே சட்டம்: வாசனைத் திரவியம் பூசக் கூடாது, விழுங்கக் கூடாது. மூன்றாவதாக எழுதப்படாத ஒன்று உண்டு: அனிந்திய மல்லிக் சொன்னதற்கு மாற்றாகச் சொல்லக் கூடாது. மல்லிக் நான்காம் தலைமுறை. ஒரு தேநீரைப் பற்றி அவர் கண்ணை மூடிக்கொண்டு, 'பழைய நூலகத்தில் மல்லிகை உதிர்ந்தது போல' என்றால் மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு தலைகள் ஆடும். அந்தப் பன்னிரண்டு பேரில் நூலகத்துக்குப் போனவர் ஒருவரும் கிடையாது.

வீட்டில் ஆறு மணிக்கு அவள் ஃபில்டர் காப்பி குடிக்கிறாள் என்பது தேயிலை உலகத்துக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியாது. அது தெரிந்திருந்தால் மானம்தான் போயிருக்கும். தெரியாத இன்னொன்றினால் சிறுநீரகமே போக இருந்தது. நாளைக்கு முந்நூறு கோப்பை என்று சொல்லிச் சொல்லி, தான் நிறையக் குடிக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கே வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் என்ற நினைப்பே வராது. வாய்தான் நாளெல்லாம் நனைந்திருக்கிறதே. முதல் கல் வந்தபோது பார்த்த டாக்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு திரவம் உள்ளே போகிறது என்று கேட்க, முந்நூறு கப் டீ என்றாள். அவர் தாளில் 'மிகப் போதுமானது' என்று எழுதினார். அடுத்த இரண்டு வருடமும் யார் தாளைப் புரட்டினாலும் அந்த வரியைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். இரண்டு கற்களைக் குழாய் விட்டு எடுத்தார்கள். எடுத்த இடத்தில் தழும்பு விழுந்து, சிறுநீரகத்திலிருந்து கீழே இறங்கும் குழாய் ஒன்றரை அங்குலத்துக்கு, சேமியா இழை அளவுக்குச் சுருங்கிவிட்டது. இடது சிறுநீரகம் ஊதி, வேலையில் தன் பங்கு முப்பத்தொரு சதவீதம் என்ற நிலைக்கு வந்திருந்தது.

சால்ட் லேக் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரோகிணிதான் முதன்முதலாக அடுத்த கேள்வியைக் கேட்டார். மதுரைக்காரர், கொல்கத்தா வந்து நான்கு வருடம், தேவையில்லாமல் புன்னகைப்பதில்லை.

"முந்நூறு கப்பையும் முழுங்குவீங்களா?"

"சேச்சே."

ரோகிணி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப குடிக்கிறது?"

"கார்த்தால ஒரு காப்பி. ராத்திரி மோர்."

தாளில் இருந்த 'மிகப் போதுமானது' மேல் டாக்டர் கோடு போட்டார். கோடு தாளைக் கிழித்தது. பிறகு வழிகளைச் சொன்னார். சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம். குடலை வெட்டிக் குழாயாக வைக்கலாம். மூன்றாவது, ரோபோ கைகளை வைத்து வயிற்றுக்குள் போய், சுருங்கிய குழாயை நீளவாக்கில் பிளந்து, கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து ஒரு பட்டை எடுத்து ஒட்டுப் போட்டு அகலப்படுத்துவது. "வாய்த்தோல் எப்பவும் ஈரத்திலயே இருந்து பழகினது மேடம். முடி முளைக்காது, சூடு தாங்கும், போற இடத்துல சீக்கிரம் ஒட்டிக்கும். உங்க கன்னம் முந்நூறு கொதிக்கிற டீயை தினமும் தாங்கியிருக்கு. இதைவிட நல்ல துணி எனக்குக் கிடைக்காது." எந்தக் கன்னம் என்று ஜெயலக்ஷ்மி கேட்டாள். வலது பக்கம் கடைவாய்ப் பற்கள் போன பிறகு உள்தோல் தழும்பேறிக் கிடந்தது; ஆகவே இடது. அவள் இருபத்தெட்டு வருடமாகத் தேநீர் உருட்டியதும் இடது.

அன்று மாலையே செய்தி டல்ஹௌசிக்கும் தமிழ் சபைக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை ஒருவரையொருவர் சந்தித்திராத சிவராமகிருஷ்ணனும் மல்லிக்கும் தொலைபேசியில் பேசி, ஒரே கருத்துக்கு வந்தார்கள்: சிறுநீரகம் இறைவன் இரண்டாகக் கொடுத்தது, இந்தக் கன்னம் ஒன்றே ஒன்று. ஆகவே எடுக்க வேண்டியது சிறுநீரகத்தை. சபையின் மாதாந்திரக் கூட்டத்தில் சிவராமகிருஷ்ணன் 'தேசத்தின் சொத்தான ஒரு கன்னம்' என்ற சொற்றொடரை மூன்று முறை பயன்படுத்தினார். நன்றியுரை சொன்னவர் நான்காவது முறை. சொத்துக்கு உரியவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் துளை போட்டுச் சிறுநீரை வெளியே எடுக்கும் குழாயும் அதன் பையும் புடவைக் கொசுவத்துக்குள் இருந்தன. கூட்டம் முடிந்து படி இறங்கும்போது, "ரெண்டும் என்னோடது. ரெண்டையும் வெச்சுக்கப் போறேன்" என்றாள். எதைப் பற்றி என்று புரியச் சிவராமகிருஷ்ணனுக்குத் தெருமுனை வரை ஆயிற்று. மல்லிக் கடிதமே கொடுத்தார். அறுவைக்குப் பிறகு அவள் ருசிக்கூடத்தின் முன் ஒரு சோதனைக்கு உட்பட வேண்டும். தேறாவிட்டால் செக்டர் ஃபைவில் கம்பெனியின் கணினி அலுவலகத்தில் பட்டியல் தட்டச்சு செய்யும் பொறுப்பு 'மிகுந்த மரியாதையுடன்' காத்திருக்கிறது. கடிதத்தில் மரியாதை என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. அவள் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையோடு நடந்து வந்து அன்றைய மீதி நூற்று நாற்பது கோப்பைகளையும் பார்த்தாள்.

அறுவைக்கு நாள் குறித்த கணினி பெங்களூரில் இருந்தது. அது செப்டம்பர் பதினேழைக் குறித்தது. கொல்கத்தாவில் பிறந்த எந்தக் குழந்தையும் அந்தத் தவறைச் செய்யாது. அன்று விஸ்வகர்மா பூஜை. ரிக்‌ஷா முதல் அச்சு இயந்திரம் வரை எதையும் யாரும் இயக்க மாட்டார்கள், கூரைதோறும் பட்டம் பறக்கும். காலை ஆறு மணிக்குப் பட்டினி வயிற்றோடு சக்கரக் கட்டிலில் ஜெயலக்ஷ்மியைக் கொண்டுபோனபோது, அறுவை அறை வாசலில் ரோபோ செவ்வந்தி மாலையும் நான்கு கைகளிலும் சிந்தூரமுமாக நின்றிருந்தது. காலடியில் ஒரு சிவப்புப் பட்டம், ஒரு சீப்பு வாழைப்பழம். ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி, இது இருபத்தோராம் நூற்றாண்டு, உலகத் தரம், நோயாளியே மையம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வார்டில் வேலை செய்யும், எல்லோருக்கும் அண்ணன் முறையான கானாய் தா என்பவர், "இன்னிக்கு அது வேலை செய்யாது சார், அதுக்கும் ஒரு நாள் வேணும்" என்று அதற்கு வங்காளத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டார். புரோகிதர் தீபம் காட்டியபோது நான்கு கைகளில் ஒன்று மெதுவாக நீண்டு, தட்டுக்கு மேல் ஒரு நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பியது. மின் இணைப்பு முந்தைய இரவே துண்டிக்கப்பட்டிருந்தது. இதைப் பற்றித் தயாரித்த கம்பெனிக்கு மின்னஞ்சல் போனது. மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லிப் பதில் வந்தது. ஜெயலக்ஷ்மி கட்டிலிலிருந்தே அந்தக் கையைப் பார்த்துக் கும்பிட்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளைக்கும் பட்டினி இருந்தாள்.

பதினெட்டாம் தேதி ரோகிணி அறையின் மூலையில், நோயாளிக்கு முதுகைக் காட்டி, பெட்டிக்குள் கண்ணை வைத்து உட்கார்ந்துகொண்டார். அவர் விரல் அசைந்தால் அங்கே ரோபோவின் விரல் அசைந்தது. பச்சை ஒளியில் இரத்த ஓட்டத்தைப் பார்த்துச் சுருங்கிய இடத்தைப் பிளந்தார்கள். கன்னத்திலிருந்து எடுத்த பட்டையை ரோபோ தைத்தது. அதன் முதுகை வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புப் போர்வையால் போர்த்தினார்கள், இரத்தம் கிடைப்பதற்காக. ஐந்து மணி நேரம் ஆயிற்று. ரோபோவின் கையில் ஒட்டியிருந்த சிந்தூரத்தை மூன்று முறை துடைத்தும் போகவில்லை என்றும், கிருமிப் பரிசோதனையில் அது எதையும் வளரவிடவில்லை என்றும் குறிப்பேட்டில் இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனி மட்டும், சிகிச்சை வாய்க்கா வயிற்றுக்கா, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த துர்கா பூஜை ஐந்து நாளும் ஊரே தெருவில் நின்று தின்றுகொண்டிருந்தபோது, அவள் கரைத்த ரசஞ்சாதத்தை வலது பக்கமாக ஒதுக்கி விழுங்கினாள். இடது கன்னம் மரத்துக் கிடந்தது. குழாய்க்குள் வைத்த ஸ்டென்ட் ஆறு வாரம் இருந்தது. அதுவரை விலாவுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, எப்போதாவது பிளாஸ்டிக் போல ஒரு நினைப்பு. அதை எடுத்த மறுநாள்தான் சிக்கரி. அன்றிலிருந்து அவள் சமையலறையைக் கூடமாக்கினாள். வாயில் போட்டதை நாக்கு என்ன சொல்கிறது என்று இடப்பக்கத்திலும், எழுபது நிமிடம் கழித்து விலா என்ன சொல்கிறது என்று வலப்பக்கத்திலும் நோட்டில் எழுதினாள். சிவராமகிருஷ்ணன் கடிகாரம் பிடித்தார். தான் பேசாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பாலில் தண்ணீர், புளியில் பழையது, கீழ்வீட்டு வங்காளி மாமி கொடுத்தனுப்பிய இனிப்பில் வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை என்று விலா எல்லாவற்றையும் சொன்னது. மூன்று நிமிட இடைவெளியில் விழுங்கினால் மூன்று நிமிட இடைவெளியிலேயே வரிசை தப்பாமல் வந்தது. டாக்டரிடம் சொன்னாள். ரோகிணி வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தபடி, "வலி இருக்கா?" என்றார். இல்லை. "காய்ச்சல்?" இல்லை. "அப்ப ருசி இருந்துட்டுப் போகட்டும். தண்ணி மூணு லிட்டர், மறந்துராதீங்க."

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. நோட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. கடைசி இருபது தேநீரில் ஏழு இடத்தில் நாக்கு புகழ்ந்ததை விலா இகழ்ந்தது. யோசித்துப் பார்த்தாள். அந்த ஏழும் பெரிய பெயர்கள்; டப்பாவைப் பார்த்துக்கொண்டே குடித்தவை. நாக்குக்கு அருகிலேயே இரண்டு காது இருந்து, இருபத்தெட்டு வருடம் மல்லிக்கைக் கேட்டிருக்கிறது. விலாவுக்குக் கீழே காது கிடையாது.

நவம்பர் கடைசி வாரம் சோதனை. பன்னிரண்டு கோப்பை. மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், தலைமையில் கழுத்துப்பட்டியோடு மல்லிக். முதல் கோப்பையை அவள் உறிஞ்சினாள், உருட்டினாள், தொட்டி சக்கரத்தோடு பக்கத்தில் வந்து நின்றது. அவள் விழுங்கினாள்.

கூடத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. "கிலே ஃபேல்லேன்?" என்றார் மல்லிக். முழுங்கிவிட்டீர்களா என்று, பாம்பை மிதித்தவர் குரலில்.

"ஆமாம்."

"மிஸஸ் சிவராமகிருஷ்ணன், இந்த அறையில் நூற்று நாற்பது வருடமாக..."

"உங்க லெட்டர்ல சோதனைன்னுதானே இருக்கு சார். துப்பணும்னு இல்லையே." அவள் இரண்டாவது கோப்பைக்குப் போய்விட்டாள்.

மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டையும் விழுங்கினாள். ஒன்பதாவது கோப்பையின் முன் மல்லிக் தானே ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, இந்த ஆண்டு சரத்காலத்து வெயில், அதில் விடியற்காலை உதிர்ந்த பவளமல்லி என்று அறிவித்தார். பன்னிரண்டு தலைகள் ஆடின. இதில் கொடுமை, அவள் நாக்கும் அதையேதான் சொன்னது: பவளமல்லி, வெயில். எழுதினால் தீர்ந்தது, மேஜை அவளுடையது, செக்டர் ஃபைவ் இல்லை. பேனா தாளில் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் அவள் எழுதவில்லை. பன்னிரண்டும் முடிந்த பிறகு, தாளை வெறுமையாகவே வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றார் மல்லிக்.

"இன்னும் வரலை."

"எது?"

"கீழ போயிண்டிருக்கு. முதல் கப்புக்கு இன்னும் அரைமணி."

பத்திரிகைக் கதைகளில் வரும் அமைதிகளைப் போல் இல்லை அந்த அரைமணி. ஒருவர் இருமினார், ஒருவர் பங்குச் சந்தை பார்த்தார், இரண்டு பேர் புது மீன் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மல்லிக் மட்டும் நின்றுகொண்டே இருந்தார், உட்கார்ந்தால் காத்திருப்பதாக ஆகிவிடும் என்று. நேரம் வந்ததும் அவள் இடது கையை விலாவில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். எட்டு வரையில் யாருக்கும் சண்டையில்லை. ஒன்பதாவதற்கு, 'போன வருட இலை. மழை ஒழுகிய மூலையில் இருந்திருக்கிறது. பக்கத்தில் சணல் சாக்கு' என்று எழுதி, தாளைத் திருப்பி மேஜை நடுவில் வைத்தாள்.

மல்லிக் சிரித்தார். மற்றவர்களும் எவ்வளவு சிரிப்பது என்று அவரைப் பார்த்து அளந்து சிரித்தார்கள். "சாம்பிள் நம்பர் பின்னாடி இருக்கும். கிடர்பூர் கிடங்குக்குப் போன் போடுங்கோ" என்றாள் அவள். போட்டார்கள், ஸ்பீக்கரில். கிடங்குக்காரர் பதிவேட்டைத் தேடிய நேரத்தில் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது போன வருடத்துப் பெட்டிதான் என்றார். புது இலையின் சீட்டு தவறி இதில் ஒட்டியிருக்கிறது. ஆகஸ்டில் அந்த மூலையில் கூரை ஒழுகியது உண்மை, கடிதம் எழுதியும் யாரும் வந்து பார்க்கவில்லை. "சாக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "சாக்கு அடுக்கினதே நான்தான் தாதா. அங்கே உட்கார்ந்துட்டு உங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

மல்லிக் ஒன்பதாவது கோப்பையை எடுத்து மறுபடி உறிஞ்சினார். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். வெகுநேரம் உருட்டினார். பிறகு, எதற்காகவோ, தொட்டியைத் தேடாமல் விழுங்கினார். "சாக்கு" என்றார். பன்னிரண்டு தலைகளும் ஆடாமல் நின்ற முதல் கருத்து அதுதான். அது சரியான கருத்தும்கூட.

கூடத்தின் சுவரில் இருந்த இரண்டாம் சட்டத்தின் கீழே, 'ஒருவர் நீங்கலாக' என்று ஜனவரியில் சேர்த்தார்கள். மல்லிக் பிப்ரவரியில் ஒரு நாள் தனியாக சால்ட் லேக் போய், தன் கன்னத்திலும் கொஞ்சம் எடுத்துக் கீழே வைக்க முடியுமா என்று விசாரித்ததாகச் சொல்கிறார்கள். ரோகிணி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உங்கள் குழாய் நன்றாக இருக்கிறது, வேறு யாருடைய நேரத்தையும் வீணாக்காதீர்கள் என்று அனுப்பினாராம். அதற்குப் பிறகு அவருடைய வர்ணனைகளில் நூலகங்கள் குறைந்தன. ஜெயலக்ஷ்மியின் இடது சிறுநீரகம் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஏறியது. கன்னம் மூடிக்கொண்டது, உள்ளே ஒரு வெள்ளைக் கோடு மட்டும். செப்டம்பர் பதினேழு தோறும் அவள் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு சால்ட் லேக் போகிறாள். கானாய் தா கதவைத் திறந்துவிடுகிறார்.

கம்பெனியின் காலை ருசிப் பட்டியல் நூற்று நாற்பது வருடமாகப் பத்தரைக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது பதினொன்று நாற்பதுக்கு வருகிறது. போன வாரம் சிலிகுரியிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் பட்டியல் எங்கே என்று போன் செய்தார். மேடம் குடித்துவிட்டார், இன்னும் இறங்கவில்லை என்று குமாஸ்தா சொன்னார். "ஓ, ஆச்சா" என்ற வியாபாரி, டீசல் விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். வீட்டில் ஆறு மணிக் காப்பியைச் சிவராமகிருஷ்ணன்தான், சிக்கரியைத் தனியாக வாங்கித் தானே கலந்து, போடுகிறார். ஏழு பத்துக்கு அவள் காளிகாட்டில் மெட்ரோ ஏறியிருப்பாள். அவருடைய கைபேசிக்குச் சதவீதக் கணக்கில் ஓர் எண் மட்டும் வரும். இன்று முப்பத்திரண்டு. அவர் டப்பாவைத் திறந்து, நாளைக்கு அளந்து வைத்திருந்ததிலிருந்து கால் கரண்டி சிக்கரியைத் திரும்பப் போட்டார்.